முட்டுக்கட்டைத் தசைகள்

பழனிக்குப் போகும் நடுத்தர வயதுக்காரர்கள் பலர் அடிவாரத்திலேயே ஒரு கணக்குப் போட்டுவிடுவார்கள்: மேலே போக விஞ்ச், கீழே வரப் படி. ஏறுவதுதானே கஷ்டம்? மூச்சு வாங்குவதும் நெஞ்சு படபடப்பதும் ஏறும்போதுதானே? இறங்குவதில் என்ன இருக்கிறது? தரிசனம் முடிந்து, பஞ்சாமிர்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே இறங்கி வந்துவிடுவார்கள். பெரிதாக வேர்த்துக்கூட இருக்காது. மறுநாள் காலை எழுந்தால் தொடை கல்லாகக் கிடக்கும். அதற்கு அடுத்த நாள் இன்னும் மோசம். கழிப்பறையில் உட்கார்ந்து எழ சுவரைப் பிடிக்க வேண்டும். வாசலில் இருக்கும் மூன்று படியைப் பக்கவாட்டில் திரும்பித்தான் இறங்க வேண்டும். படியேறிப் போய் விஞ்சில் இறங்கிய சகலை, அதே வயதுக்காரர், மூச்சு வாங்கியது தவிர வேறு குறை இல்லாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்.

வயசாகிவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். வயதின் மேல் பழி போட வேண்டியதில்லை. பிசகியது அடிவாரத்தில் போட்ட கணக்கு. எந்த வேலையில் மூச்சு வாங்குகிறதோ அதில்தான் தசை வலிக்கும் என்று நாம் நினைக்கிறோம். உடம்பு அப்படிக் கணக்கு வைப்பதில்லை.

இந்த அத்தியாயம் மலைக்கோயில்களைப் பற்றியதல்ல. டாக்டர் ‘சர்க்கரை எல்லையில் நிற்கிறது, நடங்க’ என்று சொன்ன பிறகு, புது ஷூ வாங்கிக்கொண்டு பூங்காவுக்குப் போய், மூன்றாம் நாளே காணாமல் போகிறவர்களைப் பற்றியது. ஆனால் சமதரையில் நடப்பவருக்கு வரும் வலியின் மூலம் பழனிப் படியில் அப்பட்டமாகத் தெரிகிறது. அதனால்தான் அங்கிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

எந்த ஊர்ப் பூங்காவிலும் கேட்கக்கூடிய பேச்சு இது:

“என்ன சார், ரெண்டு நாளா ஆளையே காணோம்?”

“காலைக் கீழ வைக்க முடியல சார். மொத நாள் நல்லாத்தான் இருந்துச்சு, நாலஞ்சு ரவுண்டு போனேன். மறுநாள் பாத்தா கெண்டைக்கால்ல யாரோ கட்டையால அடிச்ச மாதிரி இருக்கு. இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த வேலைன்னு வீட்டுல வேற ஒரே பேச்சு.”

“அது ஒண்ணுமில்ல சார். லாக்டிக் ஆசிட் கட்டிக்கிட்டிருக்கும். வெந்நீர் ஊத்துங்க, ஒரு வாரம் நல்லா ரெஸ்ட் எடுங்க, சரியாப் போயிடும்.”

இந்த ஆலோசனையில் வெந்நீர் ஒன்றுதான் தேறும்.

லாக்டிக் அமிலத்தின் கதை நீளமானது, கௌரவமானதும்கூட. தயிருக்குப் புளிப்பைத் தரும் அமிலம் அது. ஸ்வீடனைச் சேர்ந்த ஷீலே 1780இல் புளித்த பாலிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே நாட்டின் பெர்சீலியஸ், துரத்தி வேட்டையாடப்பட்ட மான்களின் தசையில் அதைக் கண்டார். 1907இல் கேம்பிரிட்ஜில் ஃபிளெட்சரும் ஹாப்கின்ஸும், ஆக்சிஜன் இல்லாமல் களைப்படையும் தவளைத் தசையில் இந்த அமிலம் சேர்கிறது, ஆக்சிஜன் கிடைத்ததும் குறைகிறது என்று காட்டினார்கள். தசை வெப்பத்தை ஆராய்ந்த ஏ.வி. ஹில்லும், தசையின் லாக்டிக் அமிலத்தை ஆராய்ந்த ஓட்டோ மேயர்ஹாஃபும் 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இவ்வளவு பெரிய பெயர்கள் பின்னால் நிற்கும்போது, தசையில் எந்தத் தொல்லை வந்தாலும் பழி இந்த அமிலத்தின் மேல் விழுந்ததில் வியப்பில்லை. களைப்பைப் பற்றிய ஆய்வை, மறுநாள் வலிக்கும் விளக்கமாக விளையாட்டு ஆசிரியர்களும் ஜிம்காரர்களும் நீட்டித்துக்கொண்டார்கள்.

நேரக் கணக்கு ஒன்றே இந்த விளக்கத்தைக் கவிழ்த்துவிடும். கடுமையான ஓட்டத்தில் ரத்தத்தில் ஏறும் லாக்டேட் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. இதயம் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது, கல்லீரல் திரும்பவும் குளுக்கோஸாக மாற்றுகிறது. செவ்வாய்க்கிழமை காலையில் உருவானது வியாழக்கிழமை வரை கெண்டைக்காலில் ‘கட்டிக்கொண்டு’ இருக்காது. மேலும், பேசிக்கொண்டே நடக்கிற வேகத்தில் லாக்டேட் ஏறுவதே மிகக் குறைவு. 1983இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதை நேரடியாகவே சோதித்தது. டிரெட்மில்லில் 45 நிமிட ஓட்டம்: ஒருமுறை சமதளத்தில், ஒருமுறை 10 சதவீத இறக்கத்தில். சமதளத்தில் லாக்டேட் ஏறியது, ஆனால் மறுநாள் வலி இல்லை. இறக்கத்தில் லாக்டேட் ஏறவில்லை, ஆனால் அடுத்தடுத்த நாட்களில் நல்ல வலி. குற்றம் நடந்த இடத்தில் குற்றவாளி இல்லவே இல்லை.

உண்மையில் சரியான திசையைக் காட்டியவர் இந்த ஆய்வுக்கு 80 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார். தியோடர் ஹஃப் என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உடலியல் ஆசிரியர். விரலை மட்டும் திரும்பத் திரும்ப மடக்கவைத்து, தசையின் வேலையைக் கோடாக வரையும் எர்கோகிராஃப் என்ற கருவியை வைத்துக்கொண்டு அவர் பார்த்தது இதுதான்: பயிற்சியில்லாத விரலுக்கு இரண்டு வகை வலி வருகிறது. ஒன்று வேலை செய்யும்போதே வந்து, நிறுத்தியதும் போய்விடுகிறது. இன்னொன்று வேலை முடிந்து பல மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டுகிறது. இரண்டாவது களைப்பின் கழிவுப் பொருளால் வருவதல்ல, தசைக்குள்ளேயே ஏதோ நுண்ணிய கிழிசல் ஏற்பட்டிருக்க வேண்டும் என்று 1902இல் எழுதினார். நுண்ணோக்கியில் அதைப் பார்க்க அவருக்கு வழியில்லை. விரலின் அசைவை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் போனது எனக்கு இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது.

தசைக்கு இரண்டு விதமான வேலை உண்டு. சுருங்கி இழுப்பது ஒன்று: படி ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி முழங்காலை நிமிர்த்தி உடம்பைத் தூக்குகிறது. மற்றது, இழுத்துப் பிடித்தபடியே நீண்டுகொடுப்பது. படி இறங்கும்போது அதே தொடைத் தசைதான் வேலை செய்கிறது. ஆனால் உடம்பு தடாலென்று கீழே விழாமல், கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறது. சுருங்க முயன்றுகொண்டே நீள்கிறது. பிரேக் பிடிக்கும் வேலை.

இந்த பிரேக் வேலை எவ்வளவு மலிவானது என்பதை 1952இல் லண்டனில் மூன்று பேர் வேடிக்கையாகவே காட்டினார்கள். பெர்னார்ட் அபட், பிரெண்டா பிக்லண்ட், மர்டாக் ரிச்சி. இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்தி, ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிப்பார். அவர் மிதிக்க மிதிக்க மற்றவரின் பெடல் பின்னோக்கிச் சுற்றும். அந்த மற்றவர் காலை ஊன்றி அதைத் தடுப்பார். இருவர் காலிலும் ஒரே விசை. ஆனால் தடுப்பவருக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன் மிதிப்பவருடையதைவிடப் பல மடங்கு குறைவு. ராயல் சொசைட்டியில் இதைச் செய்து காட்டியபோது, சிறிய உருவம் கொண்ட பெண் அலட்டிக்கொள்ளாமல் தடுக்க, எதிரே மிதித்த ஆண் வேர்த்து விறுவிறுத்துக் களைத்துப் போனாராம். விஞ்ஞானக் கூட்டங்களில் இப்படி வாய்விட்டுச் சிரிக்கக் கிடைக்கும் காட்சி அபூர்வம்.

மலிவு என்றால் எங்கோ ஒரு செலவு மறைந்திருக்கும். திருவாரூர்த் தேரை நினைத்துப் பாருங்கள். வடத்தைப் பிடித்து இழுக்க ஆயிரக்கணக்கானோர் வேண்டும். ஓடுகிற தேரை நிறுத்த, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் சிலர் போதும். ஆனால் அந்தச் சில கட்டைகளின் மேல்தான் தேரின் பாரம் முழுதும் ஏறும். தசையிலும் இதுதான் நடக்கிறது. ஒரே விசைக்கு, இழுக்கும்போது வேலைக்கு வரும் இழைகள் அதிகம்; பிரேக் பிடிக்கும்போது வருபவை குறைவு. அதனால் எரிபொருள் மிச்சம், மூச்சும் வாங்காது. ஆனால் வேலைக்கு வந்த ஒவ்வோர் இழையின் மேலும் விழும் பாரம் கூடுகிறது. டென்மார்க்கின் எர்லிங் அஸ்முசன் 1950களில், ஆட்களை ஒரு காலால் மேடை மேல் ஏறச் சொல்லி, மறுகாலால் மட்டும் இறங்கச் சொன்னார். வலித்தது இறங்கிய கால். விஞ்ச்காரர்களின் கணக்கு எங்கே தவறியது என்பது இங்கே தெரிந்துவிடுகிறது: மூச்சு வாங்கும் பாதியைத் தவிர்த்துவிட்டு, வலி தரும் பாதியை முழுதாக வாங்கிக்கொண்டார்கள்.

சரி, பூங்காவில் ஏது இறக்கம்? தரை சமமாகத்தானே இருக்கிறது?

நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலைத் தரையில் ஊன்றுங்கள். கணைக்கால் எலும்பின் முன்விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு விரல் தள்ளி, கையை வையுங்கள். பாதத்தின் முன்பகுதியை மேலே தூக்கினால் கைக்கு அடியில் ஒரு தசை திரண்டு கெட்டிப்படும். இப்போது பாதத்தை மிக மெதுவாகக் கீழே இறக்குங்கள். பாதம் இறங்கிக்கொண்டிருக்கும்போதும் அந்தத் தசை தளராமல் கெட்டியாகவே இருக்கும். அதுதான் பிரேக். நடக்கும்போது குதிகால் தரையைத் தொட்டதும், பாதம் ‘பட்’டென்று அறையாமல் இறங்குவது இந்தத் தசையால். அடுத்த நொடிப்பகுதியில் உடம்பின் பாரம் அந்தக் காலுக்கு மாறுகிறது. முழங்கால் லேசாக மடங்கி அதிர்ச்சியை வாங்குகிறது. அது மேலும் மடிந்துவிடாமல் தொடையின் முன்தசை பிடித்துக்கொள்கிறது. அது முடிந்ததும் ஊன்றிய பாதத்தின் மேல் உடம்பு முன்னோக்கிச் சாய்கிறது. அளவுக்கு மீறிச் சாயாமல் கெண்டைக்காலின் உள்தசையான சோலியஸ் தடுத்து நிறுத்துகிறது. ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் மூன்று இடங்களில் முட்டுக்கட்டை.

சற்று வேகமான நடை என்பது நிமிடத்துக்குச் சுமார் 100 அடி. அரை மணி நேரத்துக்கு 3,000 அடி, ஒரு காலுக்கு 1,500. வீட்டுக்கும் ஆபீசுக்குமாக வண்டியில் போய்வந்து, நாற்காலியில் நாளைக் கழித்த காலுக்கு, இடைவிடாமல் 1,500 முறை பிரேக் பிடிப்பது புதிய வேலை. புதிது என்பதுதான் இங்கே முக்கியம். நாற்று நடும் பெண்ணின் இடுப்பும், மாடியில் செங்கல் சுமக்கும் சித்தாளின் காலும் இதைவிடப் பல மடங்கு வேலை செய்கின்றன. தினமும் அவை மறுநாள் வலியில் முடங்குவதில்லை. வலியைத் தீர்மானிப்பது வேலையின் அளவு மட்டுமல்ல, அந்த வேலை தசைக்குப் பழக்கமா இல்லையா என்பது.

நடப்பவர்கள் தெரியாமலே சில வழிகளில் இந்த பிரேக் பாரத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். வேகமாகப் போக வேண்டும் என்ற ஆசையில் காலை நீட்டி நீட்டி வைப்பது முதலாவது. குதிகால் உடம்புக்கு வெகுதூரம் முன்னால் இறங்கினால் கணைக்காலின் முன்தசைக்கும் தொடைக்கும் பாரம் ஏறும். புதிதாக நடப்பவர்கள் ‘முன்னங்கால் எலும்பு ஓரம் காந்துது’ என்று சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்; வேகம் வேண்டுமென்றால் அடியைச் சுருக்கி, சீக்கிரம் சீக்கிரமாக வைப்பது நல்லது. ரப்பர் செருப்போடு நடப்பது இன்னொன்று. அது கழன்றுவிடாமல் விரல்களால் கவ்வியபடியே நடக்க வேண்டியிருக்கிறது. கடற்கரை மணலில் முதல் நாளே இறங்கிவிடுவது மூன்றாவது. கெட்டித் தரையில் நடப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சக்தியை மணல் வாங்கும். அதில் ஒரு பங்கு கெண்டைக்காலின் தலையில் விழும். மணல் மெத்தென்று இருக்கிறதே, காலுக்கு இதமாயிற்றே என்று பெசன்ட் நகரிலும் மெரினாவிலும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு இது மறுநாள்தான் தெரியவரும்.

உள்ளே என்ன நடக்கிறது? தசை இழையின் அடிப்படை அலகுக்கு சார்கோமியர் என்று பெயர். ஒன்றின் நீளம் சுமார் 2.5 மைக்ரோமீட்டர்தான், 10 செ.மீ. நீள இழையில் 40,000 சார்கோமியர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். எல்லாம் ஒரே பலம் கொண்டவை அல்ல. இழுத்துப் பிடித்தபடி நீளும்போது பலவீனமானவை மற்றவற்றைவிட அதிகம் நீண்டு, ஒரு கட்டத்தில் பிடி விட்டுப்போகின்றன என்பது ஆஸ்திரேலியாவின் டேவிட் மார்கன் 1990இல் முன்வைத்த விளக்கம். அதற்கு முன்பே 1981இல் ஸ்வீடனின் யான் ஃபிரீடனும் கூட்டாளிகளும் படி இறங்கி வலியோடு வந்தவர்களின் சோலியஸ் தசையிலிருந்து துணுக்கு எடுத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்திருந்தார்கள். சார்கோமியர்களுக்கு இடையே நேர்க்கோடாக இருக்க வேண்டிய எல்லைகள் அங்கங்கே அகன்றும் கலைந்தும் கிடந்தன. ஹஃப் ஊகித்த சேதம் கண்ணுக்குத் தெரிந்தது.

சேதம் அன்றே நடந்துவிடுகிறது. வலி ஏன் மறுநாள் வருகிறது? கலைந்த சார்கோமியர் தானாக வலிப்பதில்லை. சேதமான இடத்தைச் சுற்றி அழற்சி தொடங்குகிறது, நோய் எதிர்ப்புச் செல்கள் வருகின்றன, பழுது நீக்கும் வேலை நடக்கிறது. இதற்கு மணிக்கணக்கில் நேரம் பிடிக்கும். இந்த வேலையின்போது சுரக்கும் சில பொருட்கள், குறிப்பாக நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதம், அங்குள்ள வலி நரம்பு முனைகளைக் கூர்மையாக்கிவிடுகின்றன. சாதாரணமாக உணரவே உணராத அழுத்தமும் இழுப்பும் இப்போது வலியாகத் தெரிகின்றன. தசையைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கும் இதில் பங்கு உண்டு. அதனால்தான் சும்மா படுத்திருந்தால் ஒன்றும் தெரிவதில்லை. அமுக்கினாலோ நீட்டினாலோ உயிர் போகிறது. பொதுவாக 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் வலி உச்சத்துக்குப் போய், ஐந்தாறு நாட்களில் அடங்கிவிடும். வலியின் அளவும் சேதத்தின் அளவும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நிறைய வலித்தால் நிறையப் பலன் என்று ஜிம் சுவரில் எழுதிவைத்திருப்பதற்கு உடலியலில் ஆதாரம் கிடையாது.

இனி நல்ல செய்தி. அதே வேலையை ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே அளவில் மீண்டும் செய்தால், வலி முதல்முறை வந்ததில் சிறு பங்குதான் இருக்கும். ஒரே ஒரு தடவை செய்தாலே தசை இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்கிறது. சில தசைகளில் இந்தப் பாதுகாப்பு மாதக்கணக்கில் நீடிப்பதையும் பார்த்திருக்கிறார்கள். ஒரு பக்கத்துக் கைக்குக் கொடுத்த பயிற்சி, மறுபக்கத்துக் கையையும் ஓரளவு காப்பாற்றுகிறது என்பது இன்னும் விசித்திரம். தசை மட்டுமல்ல, நரம்பு மண்டலமும் கற்கிறது என்றுதான் இதற்குப் பொருள். தசைக்குள்ளும் மாற்றம் வருகிறது. 1994இல் மார்கனும் லின்னும் சில எலிகளை ஏற்றத்திலும் சிலவற்றை இறக்கத்திலும் ஓடவைத்துப் பார்த்தார்கள். இறக்கத்தில் ஓடிய எலிகளின் தொடைத் தசை இழைகளில் சார்கோமியர்களின் எண்ணிக்கை கூடுதலாக இருந்தது. எண்ணிக்கை கூடினால் ஒவ்வொன்றும் நீள வேண்டிய தூரம் குறையும்.

இதில் நமக்குப் பயன்படும் சங்கதி, பாதுகாப்பு கிடைக்க முதல் தடவை வலிக்கவே வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது. வலி வராத அளவு லேசான பயிற்சியும் அடுத்து வரும் கடுமையான பயிற்சிக்குத் தசையைத் தயார் செய்துவிடுகிறது. ஆகவே இந்த வலிக்கு மருந்து தேடுகிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: வலியைத் தந்த அதே வேலை, சிறு அளவில், முன்கூட்டியே. நம் வழக்கமோ நேர்எதிர். முதல் நாள் உற்சாகத்தில் ஒரு மணி நேரம், அப்புறம் ஒரு வாரம் ஓய்வு.

உற்சாகத்துக்கு எண்களும் தூபம் போடுகின்றன. நாளுக்கு 10,000 அடி என்ற இலக்கு ஆய்வுக்கூடத்தில் பிறந்ததல்ல. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்று பரப்பிய எண் அது. சராசரி வயது 72 கொண்ட சுமார் 16,700 அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடப்பவர்களைவிட 4,400 அடி நடப்பவர்களிடம் மரண விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தென்படவில்லை. தமிழ்நாட்டு அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதைகளை அடையாளம் காட்டியது. நல்ல திட்டம்தான். ஆனால் 8 கி.மீ. என்பது பழகியவருக்கான தூரம். பத்தாண்டுகள் நாற்காலியில் கழித்தவர் அந்தப் பாதையின் முதல் பலகையிலிருந்து கடைசிப் பலகை வரை முதல் நாளே போய்வர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

பத்துப் பதினைந்து நிமிடம் போதும். சமதரை, சிறிய அடிகள், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற அளவில் வேகம். ஒரு வாரம் இதே அளவில் போய்விட்டு, அடுத்த வாரம் ஐந்து நிமிடம் கூட்டலாம். நேரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்ட வேண்டாம். மேம்பாலம், மணல், கிரிவலம் எல்லாம் ஒரு மாதம் போகட்டும். திருவண்ணாமலையில் 14 கி.மீ. வெறுங்காலில் சுற்றுவது என்று முடிவு செய்துவிட்டால், பௌர்ணமிக்கு ஒரு மாதம் முன்பே தெருவில் நடக்கத் தொடங்கிவிட வேண்டும்.

இறக்கம்தான் வலி தருகிறதென்றால் அதை ஒரேயடியாகத் தவிர்த்துவிடலாமே என்று தோன்றும். ஆஸ்திரியாவின் மலைப்பகுதியில் ஹைன்ஸ் டிரெக்செல் என்ற மருத்துவர் 45 பேரை இரண்டு மாதம் மலை ஏறிப்போய் கேபிள் காரில் இறங்கவும், இரண்டு மாதம் கேபிள் காரில் ஏறி நடந்து இறங்கவும் வைத்தார். 2004இல் அவர் சொன்ன முடிவின்படி, ட்ரைகிளிசரைடு கொழுப்பு ஏறும்போது குறைந்தது. சர்க்கரையைக் கையாளும் திறன் இறங்கும்போது மேம்பட்டது. கெட்ட கொழுப்பு இரண்டிலும் குறைந்தது. தைவானில் உடல் பருமன் கொண்ட 30 முதிய பெண்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து, 12 வாரம் ஒரு குழுவைப் படி ஏறவும் மற்றதை லிஃப்டில் மேலே போய்ப் படியில் இறங்கவும் வைத்தார்கள். 2017இல் வெளியான இந்த ஆய்வில் ரத்த அழுத்தம், தொடை பலம், எலும்பு அடர்த்தி எல்லாவற்றிலும் இறங்கியவர்களே முந்தினார்கள். மாடிகள் குறைவாகத் தொடங்கி மெல்லக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். பழனிக்காரர்களின் திட்டத்தில் குறை இறங்கியதல்ல, ஒரே நாளில் முழு மலையையும் இறங்கியது.

வலி வந்தே விட்டது, இப்போது என்ன செய்வது? உடம்பை வளைத்து நீட்டும் ஸ்ட்ரெச்சிங்கை எல்லாரும் சொல்வார்கள். 12 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு, 100 புள்ளி அளவுகோலில் அது வலியை ஒன்றிலிருந்து நான்கு புள்ளிதான் குறைக்கிறது என்றது. இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவு. வெந்நீர், உப்பு ஒத்தடம், நல்லெண்ணெய் தடவி நீவிவிடுவது, குளிர்ந்த நீரில் காலை அமிழ்த்துவது எல்லாம் கொஞ்சம் இதம் தரும்; கெடுதல் இல்லை. நீவும்போது சேதம் சரியாவதில்லை. தொடு உணர்வு தண்டுவடத்திலேயே வலிச் செய்தியை மட்டுப்படுத்துகிறது என்பது 1965இல் மெல்சாக்கும் வாலும் கொடுத்த விளக்கம். தைலத்தின் கதையும் அப்படித்தான். அதிலுள்ள மென்தால், குளிரை உணரும் நரம்பு வாயில்களைத் திறந்துவிட்டு மூளையை ஏமாற்றுகிறது. 2021இல் மருத்துவ நோபல் வாங்கிய டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டப்பூட்டியனும் கண்டறிந்தவற்றில் இந்த வாயிலும் ஒன்று. பாட்டியின் கோடாலித் தைலத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட உடனடிப் பலன் தருவது, நம்பக் கஷ்டமாக இருந்தாலும், மெதுவான நடை. முதல் இருபது முப்பது அடி முகம் சுளிக்க வைக்கும், பிறகு கால் வழிக்கு வந்துவிடும். உட்கார்ந்து எழுந்தால் வலி திரும்பும். ஆனாலும் நடந்ததால் பழுது வேலை கெடுவதில்லை. வழக்கமான நேரத்தில் பாதி, வழக்கத்தைவிட மெதுவாக, அவ்வளவுதான். மருந்துக் கடையில் சொல்லி வாங்கும் வலி மாத்திரையை மட்டும் நான் தவிர்க்கச் சொல்வேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகத் தொல்லை உள்ளவர்களுக்கு டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் ஐந்து நாளில் தானே போகிற வலியைவிடப் பெரிய தொல்லையைக் கொண்டுவரக்கூடும்.

நடக்கத் தொடங்கிய வாரத்திலேயே ரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. சேதமான தசையிலிருந்து கசியும் சில நொதிகள், கல்லீரல் பரிசோதனையில் வரும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. எண்களையும் உயர்த்திக் காட்டும். கல்லீரலுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பதறுவதற்கு முன், புதிதாக உடற்பயிற்சி தொடங்கியதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கொழுப்புக்காக அட்டோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் சாப்பிடுகிறவர்களும் அப்படியே. இரண்டு தொடையும் வாரக்கணக்கில் வலித்துக்கொண்டே இருந்தால் அது நடையால் வந்ததாக இல்லாமலும் இருக்கலாம். மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் கேட்க வேண்டிய கேள்வி அது.

எல்லாக் கால் வலியும் பழக்கமின்மையால் வருவதல்ல. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக் குழாயில் உறைகட்டி இருக்கக்கூடும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடும் வலியோடு சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலும் அப்படியே. எலும்பில் விரல்நுனி அளவு இடத்தில் மட்டும் குத்தினால், நாளுக்கு நாள் அது கூடினால், எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் சுருக்கென்றால் அது உள்ளங்காலின் சவ்வுத் தொல்லை; தசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பல வருடம் சர்க்கரை இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு நிலைமை தலைகீழ்: வலி இல்லை என்பதே ஆபத்து. தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வலி இருக்கிறது. புகைப்பவர்களும் நீண்ட நாள் சர்க்கரைக்காரர்களும் அதை அடையாளம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அது மறுநாள் வருவதில்லை, நடக்கும்போதே வரும். தெருமுனை வரை போனதும் கெண்டைக்கால் இறுகிப் பிடிக்கும். நின்றால் ஐந்து நிமிடத்தில் விட்டுவிடும். திரும்ப நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். காலுக்குப் போகும் தமனியில் கொழுப்பு படிந்து, வேலைக்கேற்ற ரத்தம் கிடைக்காததன் அடையாளம் அது. இதயத்தின் குழாய்களிலும் அதே படிவு இருக்க வாய்ப்பு உண்டு என்பதால், டாக்டரைப் பார்க்காமல் தள்ளிப்போடக் கூடாது. பரிசோதித்து உறுதியான பிறகு, மருந்துகளோடு அவர் எழுதித் தரும் முதல் சிகிச்சைகளில் ஒன்று நடைதான்: மேற்பார்வையில், வாரத்துக்கு மூன்று நாள், 12 வாரம். வலி வரும் வரை நடந்து, நின்று, அது அடங்கியதும் மறுபடி நடப்பது. நிற்காமல் போகக்கூடிய தூரம் இப்படித்தான் கூடிக்கொண்டு போகும்.